தோட்டாவுக்கும் ஊர் உண்டு



அறக்கட்டளைச் சொற்பொழிவொன்றில் கணினி விளையாட்டைப் பற்றி, அதிலும் பிணங்கள் எழுந்து நடமாடும் ஜாம்பி விளையாட்டில் வரும் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நெருடலாம். நாவலில் வரும் நிலத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறோம். திரைப்படத்தில் வரும் ஊரைப் பற்றி விவாதிக்கிறோம். இன்றைய இளைஞர்களில் பலர் எந்த நாவலுக்கும் கொடுக்காத நேரத்தை விளையாட்டுகளுக்குள் இருக்கும் ஊர்களில் கழிக்கிறார்கள். அந்த ஊர் எது, அங்கே கிடைக்கும் பொருள் எந்த வழியாக அங்கே வந்தது என்று கேட்பது இலக்கிய ஆய்வைவிடக் குறைந்த வேலையன்று. நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பொருள்: ஷாட்கன், அதற்குள் போகும் தோட்டா. இவற்றை விளையாட்டில் மெய்யாகக் காட்டுவது என்றால் என்ன? குழலின் பளபளப்பு, சுடும்போது தோள் பின்வாங்கும் அசைவு, வெற்றுத் தோட்டா தரையில் விழும் ஓசை ஆகியவற்றைத் துல்லியமாக்கினால் போதும் என்பது விளையாட்டுத் தயாரிப்பாளர்களிடம் பரவலாக உள்ள எண்ணம். துப்பாக்கி மெய்யாவது தோட்டாவால், தோட்டா மெய்யாவது அது கிடைக்கும் ஊரால் என்பது என் வாதம். சட்டம், தொழிற்சாலை, கடை, தட்பவெப்பம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு தோட்டாவை ஒருவர் கையில் கொண்டுவந்து வைக்கின்றன. இதைச் சோதித்துப் பார்க்கும் களமாகக் காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடி என்ற ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

ஜாம்பிக் கதை பிறந்த வீட்டிலிருந்து தொடங்கலாம். ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் எடுத்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தில், பென்சில்வேனியா நாட்டுப்புறத்துப் பண்ணை வீடொன்றில் தஞ்சம் புகும் நாயகன் ஓர் அலமாரியைத் திறக்கிறான். உள்ளே ரைஃபிள் இருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அந்த நாட்டுப் பார்வையாளருக்கும் அந்தக் கேள்வி எழவில்லை. பத்தாண்டு கழித்து அவரே எடுத்த ‘டான் ஆஃப் த டெட்’ படத்தில் வணிக வளாகத்துக்குள் ஒரு துப்பாக்கிக் கடையே வந்துவிடுகிறது. பின்னால் வந்த விளையாட்டுகள் ஜாம்பியை மட்டும் இந்தப் படங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, அலமாரியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன. ஜெனீவாவிலுள்ள ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே நிறுவனம் 2017-ஆம் ஆண்டுக்குக் கணித்த எண்களின்படி, அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கிகள் பொதுமக்கள் கையில் இருந்தன. இந்தியாவில் அது 100 பேருக்கு ஐந்துக்குச் சற்று மேல்; அதிலும் பெரும்பகுதி பதிவேட்டில் இல்லாதவை. ஆகவே எந்த வீட்டுக் கதவை உடைத்தாலும் உள்ளே துப்பாக்கி கிடைக்கும் என்ற விதி பென்சில்வேனியாவுக்கு மெய், காரைக்காலுக்குப் பொய். நம் சினிமாவுக்கு இது உள்ளுணர்வாகவே தெரிந்திருக்கிறது. 2016-இல் வந்த ‘மிருதன்’ படத்தின் நாயகன் போக்குவரத்துக் காவலர். நாயகனைக் காவல்துறையில் வைத்துவிட்டால் ஆயுதம் எப்படி வந்தது என்ற கேள்வி பாதி கரைந்துவிடுகிறது.

முதலில் துப்பாக்கியையே பார்ப்போம். விளையாட்டுகள் இங்கே செய்யும் பிழைகள் எளிதில் அளக்கக்கூடியவை. நம் நாட்டில் ஷாட்கன் என்றாலே பெரும்பாலும் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு வரும் விட்டம்தான் அந்தக் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழலுக்குள் ரைஃபிளில் உள்ளதுபோல முறுக்கு வரிகள் இல்லை. தோட்டாவுக்குள் ஒரு குண்டுக்குப் பதில் பல ஈய ரவைகள். அவை நொடிக்கு 400 மீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளிவந்து, போகப் போகப் பிரிகின்றன. எவ்வளவு பிரிகின்றன என்பதில்தான் விளையாட்டுகள் வழுக்கி விழுகின்றன. 1994-இல் வந்த ‘டூம் 2’ விளையாட்டின் இரட்டைக் குழல் துப்பாக்கி வாயிலிருந்து விசிறிபோல விரியும் ரவை, முப்பதாண்டாக வடிவமைப்பாளர்களின் மனத்தில் பதிந்து கிடக்கிறது. அதன் விளைவாக, அறையின் ஒரு மூலையில் நின்று சுட்டால் எதிர் மூலையில் நிற்கும் நான்கு பேரும் விழுவார்கள், பதினைந்து மீட்டருக்கு அப்பால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. உண்மை நேர்மாறு. இரண்டு மீட்டர் தொலைவில் ரவைகள் உள்ளங்கை அகலத்தைத் தாண்டுவதில்லை. அங்கே அது ஒற்றைக் குண்டு போலத்தான் தாக்கும், குறி தவறினால் முழுவதும் தவறும். பத்து மீட்டரில், முனை குறுக்கப்படாத குழலிலிருந்து வரும் சிறு ரவைகள் சுமார் அரை மீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். முனையை முழு அளவு குறுக்கிய, ஃபுல் சோக் எனப்படும் குழலென்றால் அதில் பாதி. அந்தக் குழல் 40 கஜ தூரத்தில் தன் ரவைகளில் 70 விழுக்காட்டை 30 அங்குல வட்டத்துக்குள் இட வேண்டும் என்பது துப்பாக்கி செய்வோரின் பழைய அளவுகோல். சோக் இல்லாத குழலுக்கு அது 40 விழுக்காடு.

குழலை அறுத்துக் குட்டையாக்கினால் ரவை மழை பொழியும் என்ற நம்பிக்கையும் இதே வகை. குழலின் நீளம் ரவையின் விரிவை அவ்வளவாக மாற்றாது. அறுக்கும்போது முனையிலுள்ள சோக் போய்விடுவதால்தான் விரிவு கூடுகிறது. சோக் இல்லாத குழலை அறுத்தால் கையில் மிஞ்சுவது சற்று வேகம் குறைந்த, குறிவைக்கக் கடினமான, அதிகம் உதைக்கும் துப்பாக்கி. அறுப்பதற்கு வேறு விலையும் உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவில், துப்பாக்கிக் குழலை உரிமமின்றிக் குறுக்குவதைத் தனியாகவே தடை செய்கிறது. சுடப்பட்டவர் பின்னால் பறந்து சுவரில் மோதுவதும் கணக்கில் தேறாத காட்சி. 32 கிராம் ஈயம் நொடிக்கு 400 மீட்டரில் போனால் அதன் உந்தம் 12.8 அலகு. அறுபது கிலோ உடலில் அது முழுவதும் இறங்கினாலும் அந்த உடல் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும்; ஒருவர் தோளைத் தட்டிக் கூப்பிடும்போது அசைவது அவ்வளவுதான் இருக்கும். பறக்கும் அளவுக்கு விசை இருந்தால் சுட்டவரும் எதிர்த் திசையில் பறந்திருப்பார் என்பது நியூட்டன் சொல்லிக்கொடுத்த பாடம். அப்படியிருக்க ஜாம்பி ஏன் விழுகிறது? ஈயம் மூளையையோ முதுகுத்தண்டையோ எட்டினால் நின்ற இடத்திலேயே சரியும். எட்டாவிட்டால், வலி தெரியாத அந்த உயிரினம் தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். கதையின் கற்பனையே இயற்பியலுக்கு இப்படி உதவி செய்யும்போது அதைப் பயன்படுத்தாத வடிவமைப்பாளர்மேல் எனக்கு வருத்தம்தான்.

எட்டுமா எட்டாதா என்பதை முடிவு செய்வது தோட்டா. 12 போர் தோட்டா என்று ஒரே பொருள் கிடையாது. பிரிட்டிஷ் அளவுமுறையையே நாம் இன்னும் பின்பற்றுகிறோம். ஆறாம் எண் ரவையில் ஒரு அவுன்ஸுக்கு 270 மணிகள். ஒவ்வொன்றும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. கொக்கு, நாரை, காட்டுக்கோழி போன்றவற்றுக்காகச் செய்தது. எஸ்.ஜி. என்ற வகையில் ஒன்பது வாக்கில் பெரிய குண்டுகள், ஒவ்வொன்றும் மூன்றரை கிராம், எல்.ஜி.யில் ஆறு. குழல்வாயில் ஆறாம் எண் மணி ஒன்றின் ஆற்றல் ஏழு, எட்டு ஜூல், எஸ்.ஜி. குண்டு ஒன்றுக்கு 250 ஜூல். முப்பது மீட்டருக்கு அப்பால் சிறு மணி தோலைக் கிழிக்கும், மண்டையோட்டைத் துளைக்காது. எஸ்.ஜி. துளைக்கும். இத்தனை வேறுபாடு கொண்ட இரண்டையும் ‘ஷாட்கன் தோட்டா’ என்று ஒரே பெட்டியில் போடுவது, அரிசியையும் உமியையும் ஒரே விலைக்கு விற்பது போன்றது. அமெரிக்காவின் கென்டக்கியில் நடக்கும், இடத்தைப் பற்றி மிகுந்த அக்கறை கொண்ட ‘ப்ராஜெக்ட் சோம்பாய்டு’ விளையாட்டே 2021 டிசம்பரில் வந்த தன் 41-ஆம் பதிப்பில் இதைத்தான் செய்தது. பம்ப் துப்பாக்கிக்கும் இரட்டைக் குழலுக்கும் அறுத்த குழலுக்கும் அங்கே ஒரே தோட்டா. ‘டேஸீ’ விளையாட்டு இதில் ஒரு படி மேல்; பெரிய குண்டுத் தோட்டா, ஒற்றைக் குண்டுத் தோட்டா, ரப்பர்க் குண்டுத் தோட்டா என்று பிரித்து வைத்தது. ஆனால் யார் எதை எதற்காக வாங்கி வைத்திருப்பார் என்ற கேள்வியை இரண்டுமே ஆழமாகக் கேட்கவில்லை. விவசாயி வீட்டில் ஒரு வகை இருக்கும், வங்கிக் காவலரிடம் வேறு வகை இருக்கும் என்பதை விளையாட்டு அறிந்திருந்தால், கையில் கிடைத்த தோட்டாவைப் பார்த்தே அது யார் வீடு என்று சொல்லிவிடலாம்.

இனி வரிச்சிக்குடி. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் சாலையில், கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த ஊர். கிழக்கே கடல், சுற்றிலும் நெல்வயல், வடக்கே சற்றுத் தொலைவில் நண்டலாறு. அதைத் தாண்டினால் பொறையாறு, தமிழ்நாடு. இங்கே ஒரு துப்பாக்கி சட்டப்படி வருவதற்கான வழிகள் மிகச் சில. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட ஷாட்கன்னுக்கும், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் தரச் சொல்கிறது. உழவருக்கு முதலில் காட்டப்படுவது தோட்டாவே தேவைப்படாத பழைய வகைத் துப்பாக்கி என்பதை விளையாட்டு வடிவமைப்பாளர் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும். அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரிக்குத் தோன்றினால்தான் அடுத்தது. காட்டுப்பன்றி தொல்லை தரும் மலையடிவார வயல்களுக்கு இந்த வழி பொருந்தும். டெல்டாவின் கடைமடையில், காடே இல்லாத கடற்கரையில், பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணம் வலுவிழந்துவிடுகிறது. எஞ்சுவது வங்கி வாசலிலும் ஏ.டி.எம். பணம் ஏற்றும் வண்டியிலும் நிற்கும் காவலர். நம் ஊர்களில் பொதுமக்கள் கண்ணால் காணும் ஷாட்கன் பெரும்பாலும் இதுதான். உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.பி.எல். அல்லது டி.பி.பி.எல். என்று எழுதியிருக்கும், ஒற்றைக் குழல், இரட்டைக் குழல். காவலரில் பலர் ஓய்வுபெற்ற படைவீரர்கள். துப்பாக்கியும் பல சமயம் அவர்களுடையதே. ஆகவே ஜாம்பி வந்த இரவில் அது வங்கியில் இருக்காது, காவலரின் வீட்டில் இருக்கும். அமெரிக்க விளையாட்டு வழக்கப்படி வங்கியை உடைத்து ஏமாறும் ஆட்டக்காரர் நம் ஊரைப் பற்றி ஒன்றைக் கற்றுக்கொள்வார்.

சட்டம் செத்த பிறகு நடக்கும் கதையில் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சட்டம் ஒரு நாளில் சாகக்கூடும். ஆனால் அதற்கு முந்தைய நாள்வரை துப்பாக்கிகளை எங்கெங்கே இருத்தியதோ அங்கங்கேதான் அவை இருக்கும். இதற்கு நம் நாட்டில் நல்ல சான்று தேர்தல். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை மாவட்டக் குழு ஆராய்ந்து, காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. வங்கிக் காவல் போன்ற பணிகளுக்கு விலக்கு உண்டு. முடிவுகள் வந்த பிறகே அவை வீடு திரும்பும். 2021-இல் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பிப்ரவரி 26-இல் ஒன்றாக அறிவிப்பு வந்தது, ஏப்ரல் 6-இல் ஒரே நாளில் வாக்குப்பதிவு, மே 2-இல் எண்ணிக்கை. அந்த இரண்டு மாதங்களில் நண்டலாற்றின் இரு கரையிலும் தனியார் துப்பாக்கிகளில் பெரும்பகுதி காவல் நிலைய அறைகளுக்குள் பூட்டிக் கிடந்திருக்கும். விளையாட்டு மார்ச்சில் தொடங்கினால் ஒரு வரைபடம், ஜூனில் தொடங்கினால் முற்றிலும் வேறொரு வரைபடம். ஆட்டத்தின் தொடக்க நாளை மாற்றினாலே ஆயுதங்களின் இருப்பிடம் முழுதாக மாறும் இப்படியொரு வசதி கென்டக்கியில் கதை சொல்பவருக்குக் கிடைக்காது. காரைக்காலின் எல்லையும் இதில் சேர்கிறது. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் மக்கள், நிலப்பக்கமெல்லாம் தமிழ்நாடு. துப்பாக்கி உரிமத்தில் அது செல்லுபடியாகும் பரப்பும் எழுதப்பட்டிருக்கும். ஒரு யூனியன் பிரதேசத்துக்குள் மட்டும் செல்லும் உரிமத்தை வைத்திருப்பவர், மோட்டார் சைக்கிளில் சில நிமிடம் வடக்கே போனால் சட்டத்தை மீறியவராகிவிடுவார். அதனால் எல்லையோரத்தில் துப்பாக்கிகள் வீட்டை விட்டு அதிகம் நகர்வதில்லை என்று விளையாட்டில் கொள்வது நியாயமான ஊகம்.

தோட்டா எங்கிருந்து வருகிறது? புணேக்கு அருகிலுள்ள கட்கி வெடிபொருள் தொழிற்சாலை 1869-இல் தொடங்கியது. நம் நாட்டில் உரிமதாரர் கையில் காணும் 12 போர் தோட்டாக்களில் கணிசமானவை அங்கே செய்யப்பட்டவை. துப்பாக்கிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1966-இல் தொடங்கிய திருச்சி படைக்கலத் தொழிற்சாலை சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கிறது. படைக்குச் செய்யும் ஆயுதங்களோடு 12 போர் பம்ப் துப்பாக்கியையும் செய்திருக்கிறது. 2021 அக்டோபரில் பழைய படைக்கல வாரியம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, துப்பாக்கி செய்யும் திருச்சி ஒரு நிறுவனத்திலும் தோட்டா செய்யும் கட்கி வேறொன்றிலும் போய்ச் சேர்ந்தன. ஜாம்பிக் கதைக்கு இந்தப் பிரிவு ஒரு செய்தி சொல்கிறது: திருச்சியைக் கைப்பற்றிக் குழல்களைக் குவித்தாலும் தோட்டா தொலைவிலுள்ள புணே பக்கம்தான். இருக்கும் தோட்டாவும் எண்ணிக்கைக்கு உட்பட்டது. ஒரு சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று உரிமமே வரம்பு கட்டுகிறது. வாங்குவது ஒவ்வொன்றும் பதிவாகும். பறவை ரவைக்கு இங்கிருந்த இயல்பான தேவையும் போய்விட்டது. வலசைப் பறவைகள் இறங்கும் கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் வேட்டையையே மூடிவிட்டன. ஆறாம் எண் தோட்டா இன்று ஒரு வரிச்சிக்குடி வீட்டில் கிடைத்தால், அது தாத்தா காலத்துப் பெட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்தப் பழைய பெட்டியில்தான் தட்பவெப்பம் நுழைகிறது. விளையாட்டுகள் ஏறக்குறைய முழுவதும் கோட்டைவிட்ட இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே. பிளாஸ்டிக் உறை 1960-இல் அமெரிக்காவில் வருமுன் ஷாட்கன் தோட்டாவின் உறை காகிதம். இந்தியாவில் அதன் பிறகும் நெடுங்காலம் காகித உறைதான் ஓடியது. அடியில் பித்தளைக் கிண்ணம், மேலே சுருட்டிய காகிதம், உள்ளே மருந்து, தக்கை, ரவை. மார்கழிவரை நீளும் வடகிழக்குப் பருவமழையில், உப்புக்காற்று அடிக்கும் கடற்கரை வீட்டில், இரும்புப் பெட்டிக்குள் வைத்த காகித உறை ஈரத்தை இழுத்து உப்பும். உப்பிய தோட்டா குழலுக்குள் போகாது. பாதி போய் இறுகும். சுட்ட பிறகு வெளியே வர மறுக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும், அடியிலுள்ள கேப்பு நமுத்துப்போகும். நமுத்த கேப்பு சில சமயம் தாமதித்துத் தீப்பிடிக்கும். விசை இழுத்தும் வெடிக்காத துப்பாக்கியை உடனே திறக்காமல், குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டிக் காத்திருக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று. ஜாம்பி பத்தடியில் நிற்கும்போது அந்தக் காத்திருப்பு எப்படியிருக்கும் என்பதை வடிவமைப்பாளர் கற்பனை செய்து பார்க்கட்டும். 2004 சுனாமி காரைக்கால் கரையில் ஏறியது. 2018 நவம்பரில் கஜா புயல் இதற்குத் தெற்கே வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. இப்படி ஒரு முறை தண்ணீர் ஏறிய வீட்டின் தரையோரப் பெட்டியில் கிடைக்கும் தோட்டாவும், மச்சில் கிடைக்கும் தோட்டாவும் ஒன்றல்ல. விளையாட்டில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் வயது, உறை, ஈரம் என்று மூன்று எண்கள் வைத்தால் போதும். நிரலாளருக்கு அரை நாள் வேலை. அதோடு குழலின் அளவும் சேர வேண்டும். பிரான்சில் வேட்டைக்காரரிடையே பரவலான 16 போர் துப்பாக்கி ஒன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தப் பகுதியின் பழைய வீட்டில் கிடைத்ததாக வைத்தால், அதற்கு 12 போர் தோட்டா நுழையாது, கையில் வெறும் இரும்புத் தடி. மாறாக 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். பதற்றத்தில் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். அதனால்தான் உலகமெங்கும் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் தருகிறார்கள்.

இவ்வளவு உண்மை விளையாட்டுக்குத் தேவையா என்பதுதான் முதலில் எழும் தடை. செத்தவன் நடப்பதை நம்புகிறவர் தோட்டா நமுத்துப்போனதையா கேட்கப்போகிறார் என்பார்கள். ஒரு பொய்யை நம்பச் சொல்லும் கதை, மற்ற எதிலும் பொய் சொல்ல உரிமை இழக்கிறது என்று நினைக்கிறேன். நம் பேய்க் கதைகளில் பேய் எந்தப் புளியமரம், எந்த வளைவு, எந்த நேரம் என்பதெல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். அவை சரியாக இருப்பதால்தான் பேய் பயமுறுத்துகிறது. உண்மை சலிப்பூட்டும், ஆட்டம் ஓடவேண்டும் என்ற தடை இன்னும் வலுவானது. தோட்டா எண்ணுவதும் பெட்டி துடைப்பதும் யாருக்கு வேண்டும்? இதற்கு விளையாட்டு வரலாறே பதில் சொல்லிவிட்டது. காப்காம் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டில் சுவரில் மாட்டிய ஒரு ஷாட்கன் உண்டு. எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் மேற்கூரை இறங்கி நசுக்க வருகிறது. அதே இடத்தில் வேறோர் உடைந்த துப்பாக்கியை மாட்டினால்தான் அதைக் கொண்டுபோக முடியும். இத்தனை ஆண்டு கழித்தும் மக்கள் நினைவில் வைத்திருப்பது அந்தத் துப்பாக்கியை. ஆட்டத்தில் உருப்படியான ஒரே ஒரு ஷாட்கன், அதற்கும் ஒரு பூட்டு என்பதால் அது நின்றது. ஒவ்வொரு அறையிலும் ஒன்று கிடைத்திருந்தால் பெயர்கூட நினைவிருக்காது. காப்காம் அந்த அருமையைச் செயற்கையான பொறியால் செய்தது. வரிச்சிக்குடியில் ஆயுதச் சட்டமும் உப்புக்காற்றுமே அதைச் செய்துகொடுக்கும்.

கள்ளத் துப்பாக்கியை மறந்துவிட்டாயே என்பார்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் இருப்பதாகக் கணிக்கப்படும் ஏழு கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகளில் ஒரு கோடிக்கும் குறைவானவையே பதிவு பெற்றவை. தமிழ்நாட்டில் கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை கெடு விதிப்பதும், இரவோடிரவாக அவை பொது இடங்களில் போடப்பட்டுக் கிடப்பதும் செய்தித்தாள் படிப்பவர் அறிந்ததே. ஆனால் அந்தச் செய்திகள் எல்லாம் மலையூர்ச் செய்திகள். வேட்டைக்கு விலங்கும் மறைய மரமும் இருக்கும் இடத்துத் துப்பாக்கி அது. டெல்டாவின் திறந்த வயல்வெளிக்கு அதே அடர்த்தியைக் கொண்டுவருவது பென்சில்வேனியா அலமாரியைக் கொண்டுவருவதற்கு ஒப்பான பிழை. ஓரிரண்டு இருக்கட்டும். அவை வாய்வழி மருந்து இடிக்கும் வகையாக, ஈயத்துக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ் போட்டதாக, ஒரு முறை சுட்டால் அடுத்த முறைக்கு அரை நிமிடத்துக்கு மேல் எடுப்பதாக இருக்கட்டும். இங்கேதான் இன்னொரு தடை வருகிறது. அதை நான் எளிதாகத் தள்ளவில்லை. மெய்யாகக் காட்டு என்று கேட்கிறாய், அப்படியென்றால் நாட்டுத் துப்பாக்கி செய்வதையும் மருந்து கலப்பதையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாயா? இல்லை. செய்முறை வேறு, விளைவு வேறு. விளையாட்டில் மருந்து இடிக்கும் காட்சியை ஒரு நொடியில் கடந்துவிட்டு, அடுத்து நடப்பதை, அதாவது குழல் பிளப்பதை, கை போவதை, புகை கண்ணை மறைப்பதை முழுமையாகக் காட்டலாம். சமையல் குறிப்பு கொடுக்கும் விளையாட்டு எளிதில் செய்துவிடலாம் என்ற பொய்யைச் சொல்கிறது. விளைவைக் காட்டும் விளையாட்டு அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. 

ஒரு மாவட்டத்தில் நாலைந்து துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் பத்துத் தோட்டா, அதிலும் பாதி நமுத்தது. இதில் ஆட்டம் எங்கே என்பது அடுத்த தடை. ஆட்டம் ஓசையில் இருக்கிறது. 12 போர் வெடி சுடுபவர் காதருகில் 150 டெசிபெலைத் தாண்டும். மரங்களும் கட்டடங்களும் மறிக்காத நெல்வயல்மேல் அது வெகுதூரம் போகும். இரவில் இன்னும் அதிகம்: தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே வெப்பமாக இருக்கும்போது ஒலி மேல்நோக்கிக் கலையாமல் தரைப்பக்கம் வளைகிறது. சோம்பாய்டு விளையாட்டில் துப்பாக்கி ஓசை ஜாம்பிகளை வரவழைக்கும் என்ற விதி ஏற்கெனவே உண்டு, நல்ல விதி. ஆனால் அங்கே பகலும் இரவும், சம்பா நட்ட வயலும் அறுத்த தாளடியும், கடற்காற்று வீசும் பிற்பகலும் நிலக்காற்று வீசும் விடியலும் ஓசைக்கு ஒன்றே. வரிச்சிக்குடியில் அவை வேறு வேறு. கடற்காற்று வீசும்போது கரையில் சுட்டால் மேற்கேயுள்ள ஊர்களுக்குக் கேட்கும். விடியலில் சுட்டால் ஓசை கடலுக்குப் போகும். உரிமம் நண்டலாற்றோடு நின்றாலும் வெடியோசை நிற்காமல் பொறையாற்றையும் எழுப்பிவிடும். எனவே நான்கு நல்ல தோட்டாக்களை வைத்திருப்பவர் எப்போது சுடுவது, எந்தக் காற்றில் சுடுவது, சுடாமலே இருந்துவிடலாமா என்று மணிக்கணக்கில் யோசிப்பார். நானூறு தோட்டா வைத்திருப்பவர் யோசிக்க மாட்டார்.

இப்படிப்பட்ட ஊர் விளையாட்டை உள்ளூரில் தவிர யார் வாங்குவார்கள் என்று விற்பனைப் பிரிவினர் கேட்பார்கள். மல்ட்ரா என்ற பெயரை சோம்பாய்டு வருமுன் கென்டக்கிக்கு வெளியே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? அந்த விளையாட்டு நாக்ஸ் என்ற பெயரில் ஒரு பகுதியைப் புனைந்தாலும், மல்ட்ரா, வெஸ்ட் பாயின்ட் என்று மெய்யான சிற்றூர்ப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டது. 1993-ஆம் ஆண்டு என்று காலத்தையும் குறித்தது. எந்தத் தெருவில் காவல் நிலையம், எங்கே துப்பாக்கிக் கடை என்று உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கோட்டுச்சேரிக்கும் அது நடக்கலாம். போலந்திலோ பிரேசிலிலோ உட்கார்ந்து விளையாடும் ஒருவருக்கு, ஆட்டம் தொடங்கும் நாள் புதுச்சேரித் தேர்தல் அறிவிப்புக்கு முன்னா பின்னா என்று பார்ப்பதே முதல் வேலையாகிவிடும்.